ஒட்டு நிலா

1610-ல் கலிலியோ வெனிஸில் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில் நிலவின் படங்கள் இருக்கின்றன. எல்லாப் படத்திலும் நிலவு முழு வட்டம். ஆனால் அவர் கையிலிருந்த இருபது மடங்குக் குழாயில் நிலவு முழு வட்டமாகத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் குழாயின் கண் பக்கம் இருந்தது குழிவில்லை. அதன் வழியே ஒரே பார்வையில் கிடைக்கும் வானம் சுமார் 15 கலை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. நிலவின் அகலமோ ஏறக்குறைய 31 கலை. கால்வாசி நிலவு தெரிந்தாலே பெரிது. குழாயை நகர்த்தி நகர்த்தி, இந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் அந்த மலை, அந்த மலைக்குக் கீழே இந்தச் சமவெளி என்று மனத்தில் சேர்த்துக்கொண்டு கையால் முழு நிலவை வரைந்திருக்கிறார். தொலைநோக்கியில் பார்த்து உலகத்தார் கைக்கு அச்சில் வந்த முதல் நிலவே ஒட்டு வேலைதான்.

அடுத்த ஆண்டே கெப்ளர் ஒரு வழி சொன்னார். கண் பக்கம் குழிவில்லைக்குப் பதில் குவிவில்லை வைத்தால் உருவம் தலைகீழாகும், ஆனால் பார்வைப் பரப்பு விரியும். தலைகீழானால் என்ன, வானத்தில் மேல் ஏது கீழ் ஏது? அந்த அமைப்புதான் நிலைத்தது. கண்ணால் பார்த்து வரைந்த காலத்தில் விரிவுச் சண்டை அத்தோடு பாதி ஓய்ந்தது. கண்ணுக்குப் பதிலாக வேறொன்றைத் தொலைநோக்கியில் பொருத்தத் தொடங்கியபோது அது மறுபடி கிளம்பியது.

நான் திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். டார்க் ரூமில் பாதி ஆயுள் கழிந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழா குரூப் போட்டோ ஒரே நெகட்டிவில் அடங்காதபோது இரண்டு மூன்றாக எடுத்து, பிரிண்ட் போட்டு, ஓரம் தெரியாமல் ஒட்டிக் கொடுப்போம். ஒரு பிரிண்ட் கொஞ்சம் கறுத்து இன்னொன்று வெளுத்தால் ஒட்டு பல்லிளிக்கும். என்லார்ஜருக்குக் கீழே கையால் நிழல் காட்டி இரண்டையும் ஒரே தொனிக்குக் கொண்டுவர வேண்டும். பின்னாளில் மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் வெப்கேமுமாக உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்தத் தொழில்தான். அதனால்தான் இந்த வரலாற்றை நான் ஒட்டுக்காரன் பக்கம் நின்றே சொல்கிறேன்.

கண்ணாடித் தகடு போட்டோ எடுத்த காலத்தில் விரிவுக்குக் குறைவில்லை. பாரிஸ் வானாய்வகத்தில் லோவியும் புய்சேயும் 1890-களில் நிலவைப் படமெடுத்த தொலைநோக்கியின் குவியத் தூரம் 18 மீட்டர். நிலவின் உருவம் ஒரு சாண் அகலத்துக்கு விழும். பெரிய தகடாக வைத்தால் போதும், முழு நிலவும் வந்துவிடும். அந்தப் படங்களைக் கொண்டு 1896 முதல் 1910 வரை அவர்கள் வெளியிட்ட நிலவு அட்லஸ் பல பத்தாண்டுகள் அசைக்க முடியாததாக இருந்தது.

வானம் முழுவதையும் படமெடுக்க 1887-ல் பாரிஸில் கூடி எடுத்த முடிவு இன்னும் பெரியது. பல நாட்டு வானாய்வகங்கள், ஒரே அளவுத் தொலைநோக்கிகள், 33 செ.மீ. வில்லை, 3.43 மீட்டர் குவியத் தூரம். வானத்தில் ஒரு கலை, தகட்டில் ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு தகடும் இரண்டு பாகைக்கு இரண்டு பாகை. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஒரு தகட்டின் மூலை அடுத்த வரிசைத் தகட்டின் நடுவில் வந்து விழும்படி அடுக்கினார்கள். வானத்தின் எந்த இடமும் குறைந்தது இரண்டு தகட்டிலாவது இருக்கும். ஒன்றைக் கொண்டு இன்னொன்றைச் சரிபார்க்கலாம். ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகமும் இந்த வேலையில் பங்கெடுத்துத் தன் பாகத்தை முடித்துக் கொடுத்தது. ஒட்டு வேலையில் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்ற விதி, நூறு வருடத்துக்கு முன்பே நம் நாட்டு வானாய்வகம் ஒன்றில் நடைமுறையில் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை.

ஒட்டாமலே விரிவு வேண்டும் என்று முயன்றவர்களில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட்டுக்கு இணை இல்லை. எஸ்தோனியக் கடலோரத் தீவில் பிறந்தவர்; சிறுவனாக இருந்தபோது வெடிமருந்து வெடித்து வலது கையை இழந்தவர். இடது கையாலேயே கண்ணாடி தேய்த்தார். 1930-ல் ஹாம்பர்க் அருகே அவர் செய்த கேமரா பல பாகை அகல வானத்தை ஓரம் கலங்காமல் பதித்தது. பலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் 1949-லிருந்து எடுத்த வானப் படங்களில் ஒவ்வொரு தகடும் ஆறரைப் பாகை அகலம். நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் ஒரு ஷ்மிட் உண்டு. 1988 பிப்ரவரியில் வானியலாளர் ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள்.

பிறகு, தகட்டுக்குப் பதிலாக, சி.சி.டி. என்ற மின்னணுச் சிப் வந்தது. ஒளியைப் பிடிப்பதில் போட்டோ தகடு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அகலம் போயிற்று. பதினான்கு அங்குலத் தகடு வைத்திருந்தவர்கள் நகக்கண் அளவுச் சிப்புக்கு இறங்கினார்கள். கலிலியோவின் தொல்லை முந்நூற்று எழுபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

அந்தச் சிப்பை எங்களைப் போன்றவர்கள் கைக்குக் கொண்டுவந்த வெப்கேம் வானத்துக்காகப் பிறந்ததல்ல. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் காபிப் பாத்திரம் காலியா இல்லையா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு கேமராவை வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1994-ல் கலிபோர்னியாவின் கனெக்டிக்ஸ் நிறுவனம் குவிக்கேம் என்று பந்து வடிவில் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. 320-க்கு 240 புள்ளி, பதினாறே சாம்பல் நிறங்கள். உள்ளே இருந்தது உண்மையான சி.சி.டி. சிப். வானத்துக்கென்று செய்த கேமரா வாங்க வசதியில்லாதவர்கள் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். முன்வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியின் வாயில் சொருகினார்கள்.

அதே 1994-ல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் கிளமென்டைன் விண்கலம் நிலவைச் சுற்றியது. அதன் முக்கியக் கேமராவின் சிப் 384-க்கு 288 புள்ளிதான். குவிக்கேமைவிடச் சற்றே பெரிது, பின்னால் எங்கள் கைக்கு வந்த வெப்கேமைவிடச் சிறிது. ஏறக்குறைய 43,000 படங்களை ஒட்டி நிலவின் முழு வரைபடத்தை உண்டாக்கினார்கள். சின்னச் சிப்பை இகழ்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் கைக்கு வந்தது பிலிப்ஸ் டோயூகேம். 2001 வாக்கில் வெளிவந்தது. சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒன்று கொண்டுவந்தார். 640-க்கு 480 புள்ளி, சோனி செய்த சி.சி.டி., ஒரு புள்ளி 5.6 மைக்ரான். வேகத்தைக் கூட்டினால் யு.எஸ்.பி. கம்பி தாங்காமல் கேமரா படத்தை நசுக்கி அனுப்பும். நொடிக்கு ஐந்து படம், மிஞ்சினால் பத்து. அதற்குமேல் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. கம்பியும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அதனால் கணினியே மாடிக்கு ஏற வேண்டியிருந்தது, பெரிய மானிட்டரோடு.

பொருத்துவதற்கு எனக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. தொலைநோக்கியின் ஐபீஸ் நுழையும் குழாய் ஒன்றேகால் அங்குலம். 35 மி.மீ. பிலிம் ரோல் வரும் பிளாஸ்டிக் டப்பாவும் கிட்டத்தட்ட அதே பருமன். ஸ்டுடியோவில் டப்பாவுக்குப் பஞ்சமா? அடியைப் பிளேடால் வட்டமாக வெட்டி, வெப்கேமின் முன்வில்லையைத் திருகிக் கழற்றி, சிப் டப்பாவின் நடு மையத்தில் நிற்கும்படி ஒட்டினால் தீர்ந்தது. கோடாக் டப்பா கறுப்பு. உள்ளே ஒளி சிதறாது. வெள்ளை டப்பா உதவாது, தெருவிளக்கு பக்கவாட்டில் புகுந்து படத்தை வெளுக்கும். முன்வில்லையோடு அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும் போய்விடுவதால் அதற்கு ஒரு வடிகட்டி தனியாகப் போட வேண்டும். நிறம் கெடாமல் இருக்கவும் ஓரம் கூர்மையாக இருக்கவும் அது அவசியம். டிஜிட்டல் வந்து பிலிம் ரோல் விற்பனை தேய்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் மீத்து வைத்த டப்பாக்கள் ஊர் ஊராக நண்பர்களின் தொலைநோக்கிகளுக்குப் போயின.

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.58 கோடி கிலோமீட்டருக்கு நெருங்கி வந்தது. அறுபதாயிரம் வருடத்தில் அத்தனை அருகில் வந்ததில்லை. வெப்கேமின் புகழ் உலகம் முழுக்கப் பரவியது அப்போதுதான். செவ்வாய் அப்போதும் 25 விகலை அகலம்தான்; ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை, ஆக அரைக் கலைக்கும் குறைவு. அதற்குச் சின்னச் சிப்பே தாராளம். காற்றின் கலக்கம் ஒரு கணம் ஓயும், மறுகணம் கொதிக்கும். ஆயிரம் படம் எடுத்தால் அதில் காற்று ஓய்ந்த நொடிகள் சில இருக்கும். இந்தக் கணக்கை 1978-லேயே டேவிட் ஃபிரைட் எழுதி வைத்திருந்தார். நல்லதைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மென்பொருளை நெதர்லாந்தின் கோர் பெரெவூட்ஸ் 2002-ல் ரெஜிஸ்டாக்ஸ் என்ற பெயரில் இலவசமாகவே கொடுத்தார். அந்த மனிதருக்கு உலகத்து மொட்டை மாடிகள் எல்லாம் கடன்பட்டிருக்கின்றன.

கோள்களோடு நிறுத்தியிருந்தால் விரிவு பற்றிய பேச்சே எழுந்திருக்காது. ஆசை நிலவுக்குத் திரும்பியது. என் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1,200 மி.மீ. டோயூகேம் சிப்பின் அகலம் 3.6 மி.மீ., உயரம் 2.7. கணக்குப் போட்டால் பத்துக் கலைக்கு ஏழரைக் கலை. எட்டு அங்குலம், 2,000 மி.மீ. வைத்திருந்தவர்கள் நிலை இன்னும் மோசம்: ஆறுக்கு நாலரை. கலிலியோ பார்த்ததைவிடக் குறுகல்.

முதலில் எல்லோரும் கைவைத்தது குவியத் தூரத்தைக் குறைக்கும் வில்லையில். போகல் ரெட்யூசர் என்று கடையில் கிடைத்தது. விலை வெப்கேமையே மிஞ்சும். அதனால் பழைய பைனாகுலரை உடைத்தார்கள். 8×30 பைனாகுலரின் முன்வில்லை ஒன்றின் குவியத் தூரம் சுமார் 120 மி.மீ. இருக்கும். அதைச் சிப்புக்கு முன்னால் 60 மி.மீ. தள்ளி வைத்தால் தொலைநோக்கியின் குவியத் தூரம் பாதியாகும். படத்தில் அடங்கும் வானம் இரு பக்கமும் இரட்டிப்பாகும். 40 மி.மீ. தள்ளி வைத்தால் மூன்றில் இரண்டாகும். கணக்கு எளிது: வில்லைக்கும் சிப்புக்கும் உள்ள தூரத்தை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் சுருக்கம் எவ்வளவு என்று வந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இந்த வில்லையை நுழைத்ததும் குவியம் குழாய்க்குள்ளே பின்வாங்கும். பாதியாகச் சுருக்கினால் மேற்சொன்ன வில்லைக்கு 60 மி.மீ. உள்ளே போக வேண்டும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் போகஸரை அவ்வளவு இறக்க இடமிராது. சிலர் பெரிய கண்ணாடியையே குழாய்க்குள் முன்னே ஏற்றி மறுபடி திருகினார்கள். நான் மூன்றில் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு 20 மி.மீ. போதும். பதினைந்து கலை கிடைத்தது, நம் கலிலியோ கணக்கு. ஆனாலும் நிலவு அடங்கவில்லை, ஓரமும் வால் முளைத்துக் கலங்கியது.

முழு நிலவையும் ஒரே படத்தில் பார்க்க இன்னொரு வழி இருந்தது. வெப்கேமின் வில்லையைக் கழற்றாமலே, கண் வைக்கும் இடத்தில் அதை வைத்து ஐபீஸ் வழியாக எடுப்பது. வெப்கேம் வில்லை 6 மி.மீ., ஐபீஸ் 25 மி.மீ. என்றால் தொலைநோக்கியின் குவியத் தூரம் கிட்டத்தட்டக் கால்வாசிக்கு இறங்கும். என் 1,200 மி.மீ. 288 ஆனது. 43 கலைக்கு 32 கலை. நிலவு மேலும் கீழும் ஓரம் உரச உள்ளே உட்கார்ந்துவிடும். ஐபீஸிலிருந்து ஒளிக்கற்றை குறுகி வெளிவரும் இடத்தில் கேமரா வில்லை சரியாக நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மூலைகள் கறுத்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட இது அருமையான வழி. ஆனால் விலை என்னவென்று பார்க்க வேண்டும். நேராக எடுக்கும்போது ஒரு புள்ளிக்குள் நிலவின் நிலம் 1.8 கிலோமீட்டர். ஐபீஸ் வழியாக எடுக்கும்போது ஏழரைக் கிலோமீட்டர். நிலவின் மேகக் கடல் என்ற சமவெளியில் நேர்ச்சுவர் என்று ஒன்று உண்டு. 110 கிலோமீட்டர் நீளம், இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலச் சரிவு. வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் அதன் நிழல் ஒரு கருங்கோடாக விழும். நேராக எடுத்த படத்தில் அதைக் கத்தியால் கீறினது மாதிரி பார்க்கலாம். சுருக்கி எடுத்ததில் அந்த இடத்தில் ஓர் அழுக்கு இருக்கிறதோ என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும். அகலத்துக்காக நுணுக்கத்தை விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொலைநோக்கி வாங்கியதே அந்தக் கோட்டைப் பார்க்கத்தானே?

தொலைநோக்கியையே விட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவின் 135 மி.மீ. வில்லையை வெப்கேமோடு இணைத்தால் ஒன்றரைப் பாகை அகலம், 50 மி.மீ. வில்லையானால் நாலு பாகை, கார்த்திகைக் கூட்டம் முழுதாக வந்துவிடும். இதற்கு நீண்ட நேரம் ஒளி பிடிக்க வேண்டும், வெப்கேமோ அதற்குச் செய்யப்பட்டதல்ல. இங்கிலாந்தின் ஸ்டீவ் சேம்பர்ஸ் 2001 வாக்கில் அதன் உள்ளே சிப்பின் சில கால்களைத் தூக்கி, வேறு கம்பி பற்றவைத்து, விருப்பமான நேரம் திறந்திருக்கும்படி மாற்றிக் காட்டினார். விண்மீன் மண்டலங்களும் விண்மீன் கொத்துகளும் அதன்பிறகுதான் வெப்கேமுக்கு எட்டின. நுண்ணிய பற்றவைப்பு கைவந்த இளைஞர்கள் பலர் இதைச் செய்தார்கள். என் கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. நான் நிலவோடு இருந்தேன்.

ஒட்டு வேலைக்கு வருகிறேன். என் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. பூமி சுழல்வதால் நிலவு நொடிக்குச் சுமார் 15 விகலை வீதம் படத்தைக் கடந்து ஓடும். பத்துக் கலை அகலத்தை நாற்பது நொடியில் தாண்டிவிடும். தடுக்க முடியாததைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிப்பின் நீண்ட பக்கத்தை ஓட்டத்தின் திசைக்கு இணையாகத் திருப்பி வைத்து, நிலவுக்கு முன்னால் வெறும் வானத்தில் குழாயை நிறுத்தி, பதிவை ஓட விட்டுக் கையை எடுத்துவிடுவேன். நிலவு தானாக உள்ளே வந்து ஒரு பட்டையாகக் கடந்து போகும். மூன்று நிமிடத்துக்குள் ஒரு பட்டை. பிறகு குழாயைக் கொஞ்சம் இறக்கி, முந்திய பட்டையின் ஓரம் ஏறும்படி அடுத்த பட்டை. ஏர் ஓட்டுகிறவன் ஒரு சாலின் விளிம்பைத் தொட்டு அடுத்த சால் போடுகிற மாதிரிதான். நூறில் ஒரு நொடி ஒளி பிடித்தால் அதற்குள் நிலவு 0.15 விகலைதான் நகர்ந்திருக்கும். புள்ளி ஒன்றே ஒரு விகலை என்பதால் கலங்கலே தெரியாது.

மோட்டார் இல்லாத ஏழையின் வழி என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். நியூ மெக்சிகோவில் ஸ்லோன் வான ஆய்வு என்ற மாபெரும் திட்டத்துக்கு ஜிம் கன் கட்டிய கேமராவில் முப்பது சிப்புகள், ஆறு நெடுவரிசை. வானத்தைக் கேமரா மேல் ஓட விட்டே அவர்கள் பதிவு செய்தார்கள். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் ஒரு தடவை ஓடிய பிறகு சற்றே தள்ளி இன்னொரு தடவை ஓட்டி நிரப்பினார்கள். ஒரு சிப் பிடித்த பட்டையின் அகலம் 13.5 கலை. கால்வாசி வானத்துக்கும் மேல் அப்படித்தான் பதிவானது. இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒட்டு நிலவுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. முதல் பட்டையிலிருந்து கடைசிப் பட்டை வரை வெளிச்ச அளவு, நிறச் சமன் எதையும் கேமராவின் இஷ்டத்துக்கு விடக் கூடாது; கையால் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டு ஓரத்தில் கேமரா தானாக வெளுப்பைக் கூட்டும், வெளிச்ச ஓரத்தில் குறைக்கும், ஒட்டு பல்லிளிக்கும். குரூப் போட்டோவில் நாங்கள் பட்ட பாடு அதேதான். பிறகு நேரம். பகலும் இரவும் பிரியும் கோடு நிலவின் நடுக்கோட்டில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் நகர்கிறது. ஒரு மணி நேரம் தாமதித்தால் எட்டு விகலை. என் சிப்பில் எட்டுப் புள்ளி. மலையின் நிழல் ஒரு பட்டையில் ஓர் இடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் நிற்கும். அதனால் நிழல்கோட்டுப் பக்கத்தை முதலில், ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். வெயில் முழுதாக அடிக்கும் பக்கத்தை ஆறப்போட்டு எடுக்கலாம்.

துண்டுகளைச் சேர்க்கிற வேலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1966-ல் சர்வேயர் 1 நிலவில் இறங்கி, சின்னச் சின்ன டெலிவிஷன் படங்களாகப் பதினோராயிரத்துக்கும் மேல் அனுப்பியது. அந்த வரிசைக் கலங்கள் அனுப்பிய படங்களை அச்சுப் போட்டு, அரைக்கோளக் கிண்ணத்தின் உட்பக்கத்தில் கையால் ஒட்டி, நடுவில் தலையை நீட்டிப் பார்த்தால் நிலவில் நிற்பதுபோல் தெரியும்படி செய்தார்கள் பாசடினாவில். ஒட்டுப் பசையும் கத்தரிக்கோலும் வைத்து அறிவியல் நடந்த காலம் அது. எங்கள் காலத்தில் முதலில் கணினித் திரையில் ஒவ்வொரு துண்டையும் கையால் இழுத்துப் பொருத்தினோம். 2003-ல் வான்கூவரில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் படங்களில் பொதுவான அடையாளங்களைத் தானே கண்டுபிடித்து ஒட்டும் முறையைச் செய்தார்கள். சுற்றுலாப் போகிறவர்கள் எடுக்கும் மலைக் காட்சிக்காக உண்டானது. நிலவின் பள்ளங்களைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? மோட்டார் இல்லாத என் குழாயில் பட்டைக்குப் பட்டை படம் சற்றே திரும்பியிருக்கும். அதையும் அது நேர் செய்துகொடுத்தது.

ஒட்டு எடுபடாத இடமும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடி, கன்னியாகுமரி மேல் கங்கண சூரிய கிரகணம். 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் திண்டுக்கல் மேலேயே. சூரியனும் நிலவைப்போல் அரைப் பாகை அகலம். ஆனால் வளையம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பட்டை பட்டையாக எடுத்து ஒட்டினால் அது நடந்திராத கிரகணமாகிவிடும். அங்கே சுருக்கும் வில்லைதான் நேர்மையான வழி, அல்லது குட்டையான குழாய். நடக்கிற பொருளுக்குச் சுருக்கு, நிற்கிற பொருளுக்கு ஒட்டு. இதுவே என் தீர்ப்பு.

இன்று சிப்புகள் பெரிதாகிவிட்டன. கைப்பேசியை ஐபீஸில் வைத்தாலே முழு நிலவு கிடைக்கிறது. ஆனால் பெரியவர்கள் ஒட்டுவதை விடவில்லை. சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025-ல் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கேமரா ஒரே பெரிய சிப் அல்ல. 189 சிப்புகளை ஓரத்தோடு ஓரம் அடுக்கியது.

வீட்டில் தொலைநோக்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலமாரியில் பழைய வெப்கேம் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அகலம் போதவில்லை என்று ரெட்யூசர் வாங்க ஓடுவதற்கு முன், வளர்பிறை அஷ்டமியன்று மாலை இருட்டியதும் அதை மாட்டுங்கள். வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாகெல் என்று மூன்று பெரிய பள்ளங்கள் நிழல்கோட்டில் வரிசையாக நிற்கும், அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பட்டையும் முந்தியதன்மேல் கால்வாசியாவது ஏறட்டும். ஒட்டி முடித்த படத்தோடு மூல வீடியோக்களையும் தேதி, நேரம், எந்த வில்லை, எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்பதையும் எழுதி வையுங்கள். பாரிஸ் முடிவின்படி எடுத்த வானத் தகடுகள் நமக்கு இன்றும் பயன்படுவது, அவற்றை எடுத்த தேதியும் நேரமும் யாரோ எழுதி வைத்ததால்தான்.